ரைஸ் மில் தராசில் நாற்பத்திரண்டு கிலோ

இப்போதெல்லாம் நம் வயதுப் பெண்களுக்கு டாக்டரைப் பார்ப்பதைவிட அவர் அறைக்கு வெளியே கிடக்கும் எடை மெஷினில் ஏறுவதுதான் பெரிய பயம். செருப்பைக் கழற்றுகிறோம், கைப்பையை நாற்காலியில் வைக்கிறோம். போன மாதம் ஒருத்தி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏறினாள், அதனால் குறைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிடுவாளோ என்று எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறோம். உங்களுக்கெல்லாம் இந்தப் பயம் நாற்பதுக்கு மேல் வந்தது. எனக்கு அது பத்தாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. நான் குத்துச்சண்டை போட்டவள் என்று சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நீங்களாவது நம்புங்கள்.

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் பத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கீரனூருக்கு பஸ் ஏற வேண்டும். எங்கள் வீட்டில் பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை, வேனைப் பற்றித்தான் பேசினார்கள். பத்து முடித்த பெண் பிள்ளைகளைப் பஞ்சாலை வேலைக்கு ஏற்றிப்போகிற வேன் அது. அக்கா முந்தின வருடமே அதில் ஏறிப் போய்விட்டாள். தீபாவளிக்கு வந்தவள் இருந்த நாளெல்லாம் தூங்கினாள். மத்தியானத்தில் அவள் பாயில் கிடக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண் மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும், விரல்கள் மட்டும் அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போடுவதுபோல அசைந்துகொண்டே இருக்கும். அந்த விரல்களைப் பார்த்து நான் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. பரீட்சை முடிந்ததும் என்னையும் அனுப்புவதாக அம்மா வேன்காரரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மார்கழியில்தான் பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அவர் கபடி ஆடி வேலைக்கு வந்தவர். பெண்களுக்குப் புதிதாகக் குத்துச்சண்டையைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அவரைத் திருச்சிக்கு வரச்சொல்லி ஒரு சின்னப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எப்படி நிற்பது, இடது கையை எப்படி நீட்டுவது, முகத்தை எப்படி மூடிக்கொள்வது, இந்த மூன்றைத் தவிர அவருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் கணக்கு தெரிந்தவர். மாவட்டப் போட்டியில் முதல் இடமோ இரண்டாம் இடமோ வந்து சான்றிதழ் வாங்கினால் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அழைப்பார்கள், அதில் தேறினால் சோறும் படிப்பும் இனாம், பிளஸ் டூ வரைக்கும் வேன்காரர் உன்னைத் தொட முடியாது என்றார்.

"ஒரு மாவட்டத்துல பாக்ஸிங் போட எத்தன பொம்பளப் பிள்ளைக வந்துரப் போவுது? அதுலயும் நாப்பத்திரெண்டு கிலோதான் ஆகக் கொறஞ்ச எடை. அதுல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. போயி நின்னு கையத் தூக்கிட்டு வந்துரு, மெடல் ஒனக்குத்தான்."

யாராவது வந்துவிட்டால் என்று கேட்டேன். வரமாட்டார்கள் என்றார். அதன் பிறகு தினமும் அதையே கேட்டேன். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது கேட்பேன், ஸ்கிப்பிங் கயிற்றை மடக்கும்போது கேட்பேன். வரமாட்டார்கள் என்று அவர் சொன்னால்தான் அன்றைக்குச் சாப்பிட முடியும். சாப்பிடத்தான் அவர் விடமாட்டார் என்பது வேறு கதை.

ஆமாம், எனக்குக் கொடுத்தது குத்துச்சண்டைப் பயிற்சியே இல்லை, எடைப் பயிற்சி. நான் நாற்பத்தைந்து கிலோ இருந்தேன். அதாவது, எங்கள் ஊர் ரைஸ் மில் தராசில் நாற்பத்தைந்து. பள்ளிக்கூடத்து எடை மெஷின் எந்தக் காலத்திலோ முள் உடைந்து மூலையில் கிடந்தது. மில்லில்தான் மூட்டை போடும் பெரிய பிளாட்பாரத் தராசு இருந்தது. மில் முதலாளி நல்ல மனிதர் என்று பேர் எடுத்தவர். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஜோடி கிளவுஸ் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் நான் அவர் தராசில் ஏறி நிற்பேன். மூட்டை தூக்குகிற அண்ணன்கள் சிரித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். முதலாளியே வந்து குண்டை நகர்த்திப் பார்த்து, கொறைஞ்சிருக்கு பாப்பா, கொறைஞ்சிருக்கு என்பார். போகும்போது கடலை மிட்டாய் நீட்டுவார். டீச்சர் கண்ணை உருட்டுவார், நான் வேண்டாம் என்பேன். அந்த மிட்டாயின் வெல்ல வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

எடையைக் குறைக்க டீச்சர் கண்டுபிடித்த வழிகளைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். உரச்சாக்குக்கு உள்ளே போட்டு வரும் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு, அதைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு மலைப் பாறைமேல் ஓட வேண்டும். வெயில் ஏறிய பாறை உள்ளங்காலைச் சுடும். உமியும் மணலும் அடைத்த சாக்கை வேப்பமரத்தில் தொங்கவிட்டு இடது கையால் குத்த வேண்டும். பிறகு புளியங்காயைக் கடித்து எச்சிலைத் துப்பிக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும். சனிக்கிழமைகளில் மில்லில் நெல் அவிக்கும்போது அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார். ஆவி வெள்ளையாக எழும்பி என்னை மூடிவிடும். புழுங்கல் நெல்லின் வாடை, கண்ணுக்குள் வேர்வை, வெளியே டீச்சரின் குரல். உள்ளே உட்கார்ந்து நான் நினைத்துக்கொள்வது ஒன்றேதான். யாரோ ஒருத்தி எங்கேயோ ஓர் ஊரில் இதே மாதிரி எனக்காகத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முகம் கிடையாது. கை மட்டும் பெரிதாக இருக்கும்.

அடி வாங்குவதுதான் என் பயம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூக்கில் ஒரு குத்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள கிணற்றடியில் நானே என் மூக்கில் குத்திப் பார்த்தேன். பாதியிலேயே கை நின்றுவிட்டது. டீச்சர் என்னை ஒருநாளும் அடித்துப் பழக்கவில்லை. எதிராளியே இல்லாத போட்டிக்கு அடி வாங்கிப் பழக வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

இதற்கிடையில் நான் வீட்டுக்குத் தூரமாவது நின்றுபோனது. வளர்கிற பெண்ணைப் பட்டினி போட்டால் அப்படித்தான் ஆகும் என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. நான் குளிக்கும்போது வந்து முதுகு தேய்க்கிறேன் என்று என் வயிற்றைப் பார்த்தாள். மில்லில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். ஒருநாள் என்னைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் நர்ஸம்மா காதில் ஏதோ சொன்னாள். நர்ஸம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, மொதல்ல சோறு போடுங்க என்றார். அவளும் அந்த மாதமெல்லாம் என்னைப்போலவே பயந்துதான் கிடந்திருக்கிறாள் என்பது எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகுதான் உறைத்தது.

தை பிறந்து அறுவடை முடிந்தது. அப்பா எங்கள் நெல்லை எப்போதும்போல அதே மில்லில் போட்டார். போட்டிக்கு முந்தின நாள் அதே தராசில் நான் நாற்பத்திரண்டுக்கு ஒரு நூல் கீழே நின்றேன். முதலாளி கை தட்டினார்.

புதுக்கோட்டையில் ஒரு மைதானத்தில் கயிறு கட்டி மேடை போட்டிருந்தார்கள். அப்பாவும் கூட வந்தார். காலையில் ஒரு தட்டி மறைப்புக்குள் பெண் பிள்ளைகளை மட்டும் விட்டு எடை போட்டார்கள். அங்கே இருந்தது கண்ணாடியில் எண் ஒளிரும் மெஷின். நான் முதல் நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவள், துணிச்சலாகவே ஏறினேன். நாற்பத்து நான்கு என்று காட்டியது. இறங்கி மறுபடியும் ஏறினேன். அதே நாற்பத்து நான்கு. எடை போட்ட அம்மா, இவளை அடுத்த பிரிவில் எழுதுங்கள் என்றார். அடுத்த பிரிவில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒரு பெண் இருக்கிறாள், ஆவூர்ப் பக்கம், சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடம் என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

டீச்சர் விடவில்லை. உங்கள் மெஷின்தான் தப்பு என்று சண்டைக்கு நின்றார். எங்கள் ஊர் மில் தராசு நெல் வாங்குகிற தராசு, ஒரு ஊரே அதை நம்பித்தான் இருக்கிறது, அது பொய் சொல்லாது என்றார். பேசிக்கொண்டே தானும் மெஷினில் ஏறினார். அவருக்கும் மில்லில் காட்டியதைவிடக் கூடுதலாகத்தான் காட்டியது. வெளியே வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அப்ப மில்லுத் தராசு கொறச்சுக் காட்டுதா டீச்சர்? எங்க நெல்லெல்லாம் அதுலதான டீச்சர் போடுறோம்."

டீச்சருக்கு அப்போதும் மனசு வரவில்லை. எதிரே ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது, அங்கிட்டு ஒரு தராசில் ஏறிப் பார்த்துவிடுவோம், இவர்கள் மெஷின் தப்பென்று தெரிந்தால் எழுதிக் கொடுப்போம் என்றார். உன் ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இங்கேயே உட்கார்ந்திரு என்று சொல்லிவிட்டு இருவரும் ரோட்டைக் கடந்து போனார்கள். போவதற்கு முன் டீச்சர் என் தோளைப் பிடித்து, அப்படியே ஆட வேண்டி வந்தாலும் பயப்படாதே, ஒருத்திதான் இருக்கிறாள், தோற்றாலும் இரண்டாம் இடம் உண்டு என்றார்.

டீச்சரின் கணக்கில் ஒரு பாதி சரியாகத்தான் இருந்தது. போட்டிக்குப் பெண் பிள்ளைகள் அதிகம் வரவே இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஒருத்தி மேடை ஏறுவாள், நடுவர் அவள் கையைத் தூக்குவார், இறங்கிவிடுவாள். அதனால் மத்தியானம் நடக்க வேண்டிய என் ஆட்டம் காலையிலேயே வந்துவிட்டது. மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். ரோட்டுப் பக்கம் பார்த்தேன். அப்பாவும் இல்லை, டீச்சரும் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவைக்கும் வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவோம், சான்றிதழ் கிடையாது என்று மேஜையில் இருந்தவர் சொன்னார்.

தோழிகளே, அந்த இடத்தில் எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் அது பொய். ஒன்றுக்கு வந்துவிடும்போல இருந்தது. ஓடிப்போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் வீடு, வீட்டு வாசலில் வேன். அக்காவின் விரல்கள் கண்முன் வந்தன. கால்கள் மேடையை நோக்கி நடந்தன, நான் அவற்றின் பின்னால் போனேன்.

எனக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டது எதிராளியோடு வந்திருந்த சிஸ்டர்தான். என்னோடு ஆள் யாரும் இல்லை என்று பார்த்து அவராகவே வந்தார். முந்தி ஆடிய பையன்களின் வேர்வையில் கவசம் சொதசொதவென்று இருந்தது. வாரை இறுக்கிவிட்டு என் நெற்றியிலும் சிலுவை போட்டார். எதிர் மூலையில் நின்றவளை அப்போதுதான் பார்த்தேன். என் உயரம்தான். கை ஒன்றும் பெரிதாக இல்லை.

தண்டவாளத் துண்டில் அடித்தார்கள். முதல் சுற்றில் நான் எதுவுமே செய்யவில்லை, முகத்தை மூடிக்கொண்டு கயிற்றை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவளும் என்னை எட்டிப் பிடிக்க அவசரப்படவில்லை. வெளியே யாரோ சிரித்தார்கள். இரண்டாம் சுற்றில் அவள் கை வந்தது. மூக்குக்குக் கீழே, உதட்டில். வலி உடனே தெரியவில்லை. வாய் முழுக்க உப்பாக ஆனது, கண்ணில் தண்ணீர் நிரம்பிக் கூட்டம் கலங்கலாகத் தெரிந்தது. நான் அவ்வளவு நாளாகப் பயந்தது இதைத்தானா என்று யோசிக்கும் முன்பே இன்னொன்று விழுந்தது, காதில். அப்போது பழைய பயமே பரவாயில்லை என்றாகிவிட்டது, ஏனென்றால் இனி எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சுற்று முடிந்து என் மூலைக்கு வந்தேன். ஸ்டூல் இருந்தது, ஆள் இல்லை. எதிர் மூலையில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அடி வாங்கியதைவிட அந்தக் காலி மூலை என்னை அதிகமாக அழ வைத்தது. மூன்றாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினேன், நீட்டினேன், நீட்டிக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒன்று பட்டது. ஆத்தாடி என்று அவள் மெல்லச் சொன்னது கேட்டது. கண்ணைத் திறந்தால் அவள் என்னைவிட மிரண்டுபோய் நிற்கிறாள். அவளுக்கும் எதிராளி வரமாட்டாள் என்றுதான் சொல்லிக் கூட்டி வந்தார்களாம். பிறகு கை கழுவும் குழாயடியில் அவளே சொன்னாள்.

நடுவர் அவள் கையைத் தூக்கினார். நான் இரண்டாம் இடம்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் டீச்சரும் ரோட்டைக் கடந்து வந்தார்கள். அப்பா முகம் சிவந்திருந்தது. இரும்புக் கடைத் தராசு, அடுத்த தெரு உரக்கடைத் தராசு, எல்லாம் இந்த மெஷின் காட்டியதைத்தான் காட்டின என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். சண்டை எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

"முடிஞ்சிருச்சுப்பா."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா என் உதட்டைப் பார்த்தார், பார்த்தார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அவர் பேசியதெல்லாம் மூட்டைக்கு எவ்வளவு போயிருக்கும் என்பதுதான்.

மறுநாள் காலையில் ஊரே மில்லில் நின்றது. சாட்சி வேண்டுமே, நான்தான் சாட்சி. வீங்கிய உதட்டோடு என்னைத் தராசில் ஏற்றி நிறுத்தி, நேற்று டவுன் மெஷினில் நாற்பத்து நான்கு என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். குண்டை நகர்த்தினார்கள். நாற்பத்திரண்டில் முள் நின்றது. கூட்டம் இரைந்தது. மூட்டை தூக்கும் அண்ணன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலாளி என்னைத்தான் பார்த்தார், வேறு யாரையும் பார்க்கவில்லை. எறங்கும்மா பாப்பா என்று மெதுவாகச் சொன்னார். கடலை மிட்டாய் கொடுக்கும் அதே குரல். அப்பா, எறங்காத, அப்பிடியே நில்லு என்றார். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அன்றைக்கு முதல் ஊரில் எனக்குத் தராசைப் பிடித்த பிள்ளை என்று பேர். குத்துச்சண்டையை யாரும் கேட்கவில்லை. தராசை மாற்றினார்கள். முதலாளி கொஞ்ச காலம் கோயில் பக்கம் தலை காட்டவில்லை, அப்புறம் எல்லோரும் அவரிடமே நெல் போட்டார்கள்.

வீட்டில் அம்மா துணியில் உப்பை முடிந்து சட்டியில் சூடு காட்டி என் உதட்டில் ஒற்றினாள். ரொம்ப வலித்ததா என்று அவள் மட்டும்தான் கேட்டாள். தலையை ஆட்டினேன். உன் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அம்மா ஒற்றுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். அப்பா அங்கே நாலு பேரைக் கூட்டி வைத்து மூட்டைக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

விடுதித் தேர்வுக்குப் போனதும், எனக்கு இடம் கிடைத்ததும் பின்னால் நடந்தவை. பரீட்சை முடிந்த வாரம் வேன் வந்தபோது எங்களிடம் எந்தத் தகவலும் இல்லை. சித்திரை வெயிலில் வேன் வாசலில் நின்றது. உள்ளே ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வயலுக்குப் போயிருந்தார். வேன்காரர் கதவைத் திறந்துவிட்டு, பாப்பா ரெடியா என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அவ வரலைங்க. அவளுக்கு ஹாஸ்டல்ல எடம் கெடைச்சிருச்சு."

வேன்காரர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். வாக்குக் கொடுத்தீர்களே என்றார், கையெழுத்துப் போட்டீர்களே என்றார், மூத்தவளை நினைத்துப் பாருங்கள் என்றும் சொன்னார். அம்மா நகரவில்லை. எங்கள் அம்மா யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. வேன் திரும்பி, தெருமுனை தாண்டி, சத்தம் அடங்கியது. அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். என் முகத்தைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எடம் கெடைச்சிரும்லடி?"

கிடைத்துவிடும் அம்மா என்றேன். கயிற்றைத் தாண்டி மேடைக்குள் போனபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.